"ஓடின ஃபில்டர்" என்று சொல்லி 24,500 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள். டிஸ்கஸ் மீன் வாங்க நினைப்பவர்கள் படியுங்கள்

ஆறு டிஸ்கஸ் செத்தாயிற்று. ஆறாவதை இன்று காலையில் தென்னை மூட்டில் புதைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன பணம் 24,500 ரூபாய். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் கொடுக்கப் போவதால் இப்போது வெளியில் எழுத வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார். நாகர்கோவில் பக்கம், தொட்டி செய்து, வீட்டுக்கே வந்து செட் பண்ணி, மீனையும் விட்டுத் தரும் வகைக் கடை. அவ்வளவு போதும். புதுத் தொட்டியில் மீனைப் பிழைக்க வைப்பது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மீன் எனக்குப் புதிது இல்லை. வீட்டுப் பின்பக்கம் சிமெண்ட் தொட்டியில் கப்பியும் மாலியும் வருஷக்கணக்கில் கிடக்கின்றன. கொசுப்புழுவைத் தின்ன சுகாதாரத் துறை ஆட்கள் கொண்டுவந்து விடுகிற அதே கப்பிதான், சாகடிக்க நினைத்தாலும் சாகாது. அமேசான் ஆற்று மீனான டிஸ்கஸ் அப்படி இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் கடையில் முதல் கேள்வியே இப்படிக் கேட்டேன்: "புதுத் தொட்டியில உடனே டிஸ்கஸ் விடலாமா? ஒரு மாசம் காலியா ஓட்டணும்னு சொல்றாங்களே?"

அந்த ஆள் சிரித்தார். "அதெல்லாம் வேற கடையில அண்ணாச்சி. நம்ம கடையில ஓடின ஃபில்டராக்கும் வச்சுத் தாரது. ரெண்டு வருஷம் நம்ம தொட்டியில ஓடின மீடியா. வச்ச அன்னைக்கே மீன் விடலாம்."

மீடியா என்றால் ஃபில்டருக்குள் நல்ல பாக்டீரியா குடியிருக்கிற ரிங், ஸ்பாஞ்ச் வகை. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். வீட்டுக் கிணற்று வெள்ளத்தை (எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம்) ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மூடியைத் திறந்து, சட்டைப்பையில் இருந்த டிடிஎஸ் பேனாவை, அதாவது கரைந்த உப்பை அளக்கும் கருவியை, உள்ளே விட்டார். 58 என்று காட்டியது, உப்பு ரொம்பக் குறைவு. உடனே உள்ளே நின்ற பையனைக் கூப்பிட்டு, "எடே, இஞ்ச வந்து பாரு. அமேசான் வெள்ளமாக்கும் இது! இவருக்கு டிஸ்கஸ் முட்டையே போடும்" என்றார். பையன் எட்டிப் பார்த்துத் தலையாட்டினான். அப்புறம் தன் தொட்டி ஒன்றில் கையை விட்டார். சாசர் அகலத்தில் இருந்த டிஸ்கஸ் எல்லாம் கூட்டமாக வந்து விரல் நுனியைக் கொத்தின. என் மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். அவளுக்கு இரண்டு கப்பி சும்மா கொடுத்தார். எங்கள் ஊர், எங்கள் பேச்சு, எங்கள் ஊர்த் திருவிழா கதை எல்லாம் பேசினார். யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

கணக்கையும் போட்டுவிடுகிறேன். எட்டு மீன், ஒன்று 1,400 வீதம் 11,200. நாலடித் தொட்டியும் ஸ்டாண்டும் 8,000. டாப் ஃபில்டர், ஹீட்டர், லைட் 2,900. அடியில் போட வெள்ளைக் கல் 1,000. அந்த "ஓடின மீடியா", கூடவே ஒரு பாக்டீரியா பாட்டில், இரண்டும் சேர்ந்து 1,400. மொத்தம் 24,500. ஜிபேயில் போட்டேன், கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனி நம்பருக்கு. பில் கேட்டபோது எஸ்டிமேட் என்று ஒரு துண்டுச் சீட்டு. அதன் அடியில் "உயிருள்ள பொருள் திரும்பப் பெற இயலாது" என்று ரப்பர் ஸ்டாம்ப்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து எல்லாம் பொருத்தி, மீனை விட்டுவிட்டுச் சாயா குடித்துவிட்டுப் போனார்கள். ஞாயிறு முழுக்க அழகாக இருந்தது. செவ்வாய்க்குள் எட்டும் கறுத்துவிட்டன. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் சாய்ந்து நின்றன. செவுள் படபடவென்று அடித்தது. தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன் போட்டேன். "புது இடமில்லியா, பயந்திருக்கும். லைட்டை அணைச்சு ஒரு துணியப் போட்டு மூடுங்க." மூடினேன். மறுபடி போன். "ஒரு கை கல்லுப்பு போடுங்க." போட்டேன். மூன்றாவது முறை, கடைக்கு வந்து நீல மருந்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். அதற்கு 180 ரூபாய், அது 24,500-இல் சேராது. தொட்டியில் விட்டதும் வெள்ளம் நீலமாகி மீனே தெரியவில்லை. ஒருவேளை தெரியக்கூடாது என்றுதான் கொடுத்தாரோ என்னவோ. மெத்திலீன் புளூ என்கிற அந்த நீல மருந்து ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கெடுக்கும் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். உண்மையிலேயே இரண்டு வருஷ மீடியா உள்ளே இருந்தால் அதில் அந்த மருந்தை ஊற்ற எந்தக் கடைக்காரராவது சொல்வாரா?

முதல் இரண்டு மீன் செத்த படத்தை அனுப்பினேன். ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "நான் கேரளாவுல லோடு எடுக்க வந்திருக்கேன் அண்ணாச்சி, வந்ததும் நேர்ல வந்து பாக்கேன்." வரவே இல்லை. அப்புறம் அனுப்பியதெல்லாம் நீல டிக்கோடு நின்றது.

இதற்கிடையில் தக்கலையில் பல வருஷமாக டிஸ்கஸ் வளர்க்கும் ஒரு அண்ணன் டெஸ்ட் கிட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டி வெள்ளத்தை எடுத்து, இரண்டு பாட்டிலிலிருந்தும் சொட்டு விட்டுக் குலுக்கி மேஜைமேல் வைத்தார். அம்மோனியா இல்லை என்றால் மஞ்சளாகவே நிற்க வேண்டுமாம். இது கொஞ்ச நேரத்தில் கரும்பச்சைக்குப் போனது. அட்டையோடு ஒத்துப் பார்த்தால் 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நாலு பங்கு). இருக்க வேண்டியது பூஜ்யம்.

"ஃபில்டரைத் திறங்க" என்றார். திறந்தோம். ஸ்பாஞ்சுக்கு அடியில் வலைப்பையோடு செராமிக் ரிங். பால் வெள்ளை. ஒரு பொட்டு அழுக்கு இல்லை. வலைப்பையின் முடிச்சில் விலை ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. ஓரம் மட்டும் கொஞ்சம் ஊறிப் பிரிந்திருந்தது. இதுதான் ரெண்டு வருஷம் ஓடின மீடியா! ஓடின மீடியா தவிட்டு நிறத்தில், தொட்டால் வழுவழுவென்று இருக்கும் என்று அண்ணன் சொன்னார்.

விஷயம் இதுதான். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி இன்னும் கூட்டும். அதை நைட்ரைட் ஆக்க ஒரு வகை பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் வெள்ளம் மாற்றினால் போதும். இந்தப் பாக்டீரியா ரிங்கிலும் ஸ்பாஞ்சிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த ஒரு மாதத்தைத் தாண்டத்தான் நான் காசு கொடுத்தேன். புது ரிங்கை வைத்துவிட்டு எட்டு டிஸ்கஸையும் முதல் நாளே விட்டால் அவை தங்கள் கழிவிலேயே வெந்து சாகும். செத்தன.

இதோடு முடியவில்லை. அண்ணன் பிஎச் (வெள்ளத்தின் புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்) பார்த்தார், 7.8. கிணற்று வெள்ளத்தைத் தனியாகப் பார்த்தால் 6.4. அவருக்கே ஆச்சரியம். அடியில் கிடந்த வெள்ளைக் கல்லில் ஒன்றை எடுத்துத் துடைத்து, வாசல் படியில் வைத்து, பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விடச் சொன்னார். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி புஸ்ஸென்று நுரைத்தது. மார்பிள் சிப்ஸ். சுண்ணாம்புச் சத்து. மென்மையான, லேசாகப் புளித்த வெள்ளத்தில் அது கரைந்துகொண்டே இருக்கும், பிஎச் ஏறிக்கொண்டே போகும். அம்மோனியா பிஎச் குறைந்த வெள்ளத்தில் பெரும்பாலும் அம்மோனியமாக, அவ்வளவு தீங்கில்லாமல் கிடக்குமாம். பிஎச் ஏற ஏற, சூடு கூடக் கூட, விஷமாகிற பங்கு அதிகம். டிஸ்கஸுக்காக ஹீட்டர் வேறு 30 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது.

அதாவது, டிஸ்கஸுக்கென்றே அமைந்த மாதிரி இருந்தது எங்கள் கிணற்று வெள்ளம் ஒன்றுதான். அதையும் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கல்லைப் போட்டுக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்போது வயிறு எரிகிற இடம். ரிங்கையும் ஸ்டிக்கரையும் கவரில் போட்டுக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். ஆள் கடையில்தான் இருந்தார், கேரளாவும் இல்லை ஒன்றும் இல்லை. கவரைப் பார்க்காமலேயே சொன்னார்: "உங்க வெள்ளம் சரியில்ல அண்ணாச்சி."

எந்த வெள்ளம்? அமேசான் வெள்ளம் என்று பையனைக் கூப்பிட்டுக் காட்டிய அதே வெள்ளம். அதைச் சொன்னேன். பையன் வலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். டிடிஎஸ் பேனா கரைந்திருக்கும் உப்புகளின் அளவைத் தோராயமாகக் காட்டுமே தவிர அம்மோனியாவைப் பற்றியோ பிஎச் பற்றியோ ஒன்றும் சொல்லாது. எல்லா வீட்டுக்கும் ஆர்ஓ மெஷின் விற்க வருகிறவர்களிடம் இருக்கும் பேனாதான் அது. அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஸ்டிக்கரைக் காட்டினேன். "பையன் மாத்தி வச்சிருப்பான்" என்றார். சரி, பையன் மாற்றி வைத்தான் என்றால் பணத்தைத் தாருங்கள் என்றேன். "மீன் உயிருள்ள சாதனமில்லியா, அதுக்கு யாரு கியாரண்டி தருவா? சீட்டுல எழுதியிருக்கே, பாக்கலியா?" கொஞ்சம் சத்தம் கூடியதும், வேறு ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு சலுகை சொன்னார். புதிதாக நாலு மீன் வாங்கினால் இரண்டு சும்மா தருவாராம். ஆறு மீனைக் கொன்றதற்கு இது பரிகாரம். நான் கடையை விட்டு வெளியே வரும்போது, உள்ளே வேறு யாரோ ஒருவரிடம் அதே தொட்டியில் அதே கையை விட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

வீட்டுக்காரி ஒரே வார்த்தைதான் சொன்னாள், 24,500-க்குக் குளச்சலில் எத்தனை நெய்மீன் வாங்கியிருக்கலாம் என்று. பதில் இல்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரத்துக்கு இது மட்டும். ஓடின மீடியா என்று சொன்னால், அவர்கள் தொட்டியிலிருந்து உங்கள் கண்ணெதிரே எடுத்து, அந்தத் தொட்டி வெள்ளத்திலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள். கல் வாங்கினால் ஒரு துண்டில் ஆசிட் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் டிஸ்கஸ் தொட்டிக்கு வேண்டாம். மீனுக்கு முன்னால் அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள். முனிசிபாலிட்டி வெள்ளம் என்றால் குளோரின் போக்க மருந்து சேர்க்காமல் ஊற்றாதீர்கள். எஸ்டிமேட் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள், பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்றுதான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடித்தேன், புகாரைப் பதிந்துகொண்டார்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் போடப் போகிறேன். 5 லட்சத்துக்குள் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஸ்டிக்கர், வாய்ஸ் மெசேஜ், ஜிபே ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்று, இது உதவி கேட்பது. இரண்டு மீன் இன்னும் உயிரோடு இருக்கிறது. மார்பிள் கல்லை எல்லாம் அள்ளிவிட்டேன், தினமும் பாதி வெள்ளம் மாற்றுகிறேன், தீனியைக் குறைத்துவிட்டேன். தக்கலை அண்ணன் தொட்டியில் இப்போது வெள்ளைப்புள்ளி நோய் என்பதால் அவர் ஸ்பாஞ்சைக் கொடுக்கப் பயப்படுகிறார், அதுவும் சரிதான். மார்த்தாண்டம், அழகியமண்டபம், நாகர்கோவில் பக்கம் யாரிடமாவது நோய் இல்லாத தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்பாஞ்ச் ஒன்று இருந்தால் சொல்லுங்கள். கழுவ வேண்டாம், பிழிய வேண்டாம், தொட்டி வெள்ளத்தோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். எந்த நேரமானாலும் நானே பைக்கில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.