ரேஸ் வீலைத் தினசரி ஓட்டத்துக்கு என்று சொல்லி விற்றார்கள், 74,000 ரூபாய் போச்சு

74,000 ரூபாய். என் ரோடு பைக்குக்கு, அதாவது வேகமாக ஓட்டுகிற மெல்லிய டயர் சைக்கிளுக்கு, ஒரு ஜோடி கார்பன் இழைச் சக்கரம் விற்ற கடையிலிருந்து நேற்று ராத்திரி கடைசி பதில் வந்துவிட்டது. ஒரு பைசா தர மாட்டார்களாம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ரோடு பைக் ஓட்டுகிற எல்லாரும், முக்கியமாகக் காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் இருந்துகொண்டு போனில் பேசியே வெளியூர்க் கடையில் சாமான் வாங்குகிறவர்கள், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதில் பெயர் வரும். பெரிய நகரம் ஒன்றில், விலை கூடின ரோடு பைக்கும் அதன் உதிரிபாகமும் மட்டும் விற்கிற கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் விடியற்காலையில் காரைக்குடியிலிருந்து கிளம்பி கோவிலூர், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வரை போய்த் திரும்புகிறவன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கானாடுகாத்தான், திருமயம் பக்கம். எப்போதாவது 200 கி.மீ. பிரவே ஓட்டம் (போட்டி இல்லை, குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும்), அதற்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம் உண்டு. ரேஸ் ஓட்டுகிற ஆள் இல்லை. இதை எல்லாம் அந்தக் கடைக்காரரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தினமும் ஓட்டுவேன், திரும்பும்போது ஊருக்குள் பள்ளிக்கூட பஸ் நேரம், கழனிவாசல் தாண்டுவதற்குள் பத்து இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும், ரோட்டோரம் முழுக்கச் செம்மண், எல்லாம் சொன்னேன்.

அவர் சொன்னது இது: “அண்ணே, கவலையே படாதீங்க. நானே இதைத்தான் தினமும் கடைக்கு ஓட்டிட்டு வர்றேன். ரேஸுக்கும் இதுதான், ட்ரெயினிங்குக்கும் இதுதான். ஒரு தடவை மாட்டுனா மாட்டுனதுதான்.”

அப்புறம் நானேதான் கேட்டேன். இப்போது என் சைக்கிளில் இருப்பது அலுமினிய ரிம், கார்பன் ரிம்முக்குப் பிரேக் கட்டை வேற போட வேண்டாமா என்று. “இருக்கிற கட்டையே போதும் அண்ணே, புதுசாத்தானே இருக்கு, எதுக்கு வீண் செலவு” என்றார். அதை வாட்ஸ்ஆப்பிலும் எழுதி அனுப்பினார். அந்த இடத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. கூட ஒரு சாமானைத் தலையில் கட்டப் பார்க்காமல், வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்? சீட்டு எடுத்த பணத்தில் 10,000 முன்பணம், பார்சல் கிளம்புகிற அன்று மீதி 64,000. ஆக 74,000.

வந்தது 50 மி.மீ. உயர கார்பன் ரிம், முன் சக்கரத்துக்கு 20 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 24. பெட்டியில் கையேடும் இல்லை, வாரன்டி அட்டையும் இல்லை. கேட்டதற்குப் பின்னால் அனுப்புவதாகச் சொன்னார்கள். பில்லில் “கார்பன் வீல் செட் 1” என்பதோடு சரி. மாடல் பெயர் கிடையாது, சீரியல் எண் கிடையாது.

ஆடி மாதம் கண்மாய்க் கரை ரோட்டில் முன் சக்கரம் ஆளையே தள்ளிக்கொண்டு போனது. உயரமான ரிம்மில் குறுக்குக் காற்று அடித்தால் அப்படித்தான் இழுக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். ஐப்பசி மழையில் அதைவிட மோசம். கார்பன் ரிம் நனைந்திருந்தால் பிரேக்கைப் பிடித்தாலும் முதலில் வழுக்கும், தண்ணீர் வழிக்கப்பட்ட பிறகுதான் பிடிக்கும். அதற்குள் சைக்கிள் எங்கேயோ போயிருக்கும். தினமும் ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு இது உயிர் போகிற விஷயம். அதைப்பற்றி விற்கும்போது ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் ரிம்மில் சத்தம் வர ஆரம்பித்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உப்புத்தாளைத் தேய்க்கிற மாதிரி ஒரு கரகரப்பு. எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கார்பன் சக்கரம் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பிரேக் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்தவுடன் பிடித்துவிட்டார். கறுப்பு ரப்பருக்குள் வெள்ளியாகப் பொடிப் பொடியாய் மின்னியது. கோணூசியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “தம்பி, இது உன் பழைய ரிம்மோட அலுமினியம். கட்டைக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டுப் புது ரிம்மை அறுத்திருக்கு” என்றார். ரிம்மில் பிரேக் படுகிற இடத்தை நகத்தால் தடவினால் நகம் மாட்டுகிறது. சுற்றிலும் வரி வரியாகக் கோடு, அந்தக் கோட்டுக்குள் செம்மண் புழுதி.

அலுமினிய ரிம்மில் தேய்ந்த கட்டையைக் கார்பன் ரிம்மில் போடவே கூடாது. சக்கரத்தோடு வருகிற, கார்பனுக்கென்றே செய்த கட்டையைத்தான் போட வேண்டும். ரோடு பைக் சாமான் விற்கிற எவருக்கும் இது அரிச்சுவடி. அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அலுமினிய ரிம்மும் பிரேக்கில் தேயும்தான், ஆனால் பெரும்பாலும் எவ்வளவு தேய்ந்தது என்று காட்ட அதிலேயே ஒரு குழியோ கோடோ இருக்கும், தேய்ந்தால் ரிம்மை மட்டும் மாற்றி நம்ம ஊரிலேயே போக்ஸ் கம்பி கோத்துக் கோட்டம் எடுத்துவிடலாம். இதற்கு அந்த வழி எதுவும் இங்கே இல்லை.

உடனே படம் எடுத்து அனுப்பினேன். “பார்த்துச் சொல்றேன் அண்ணே” என்றார். பிறகு பதிலே இல்லை. என்னிடம் வேறு ரோடு பைக் சக்கரம் இல்லை, பழைய ஜோடியை ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன், ‘மாட்டுனா மாட்டுனதுதான்’ என்றதை நம்பித்தான். கட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். கோவிலூர் தாண்டி ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோது பிரேக்கைப் பிடித்தேன். படார் என்று ஒரு சத்தம். பின் சக்கரத்தில் வால்வுக்குப் பக்கத்தில் ரிம்மின் ஓரம் வெளிப்பக்கமாகப் பிளந்து டயர் பிதுங்கிவிட்டது. பிரேக் படுகிற ரிம் சுவர் தேய்ந்து மெலிந்துபோனதால் டயருக்குள் இருந்த காற்றின் அழுத்தத்தையே தாங்கவில்லை. முன் சக்கரமாக இருந்திருந்தால் இதை எழுத நான் உட்கார்ந்திருப்பேனா என்று தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். முதலில் வீடியோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். பில் அனுப்பச் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த பில்லை அவர்களுக்கே அனுப்பினேன். சீரியல் எண் கேட்டார்கள், பில்லில் நீங்கள்தான் எழுதவில்லை என்றேன். அப்புறம் வேறொருவர் பேசினார், முதலில் பேசியவர் லீவாம். கம்பெனிக்கு எழுதியிருக்கோம் என்றார்கள். சக்கரத்தை அனுப்பு, கூரியர் செலவு உன்னது என்றார்கள், அதையும் செய்தேன். பார்த்துவிட்டு, “மலை இறக்கத்துல பிரேக்கை விடாமப் பிடிச்சுச் சூடேத்தியிருக்கீங்க, கொல்லிமலை போனீங்களா” என்று கேட்கிறார் ஒருவர். காரைக்குடியில் எங்கே ஐயா மலை? குன்றக்குடியில் முருகன் இருக்கிற குன்று இருக்கிறது, அதில் படி ஏறித்தான் போக வேண்டும்.

அந்தக் காரணம் எடுபடவில்லை என்றதும் நேற்று ராத்திரி வந்த கடைசி பதில்: “வேற பிரேக் கட்டை யூஸ் பண்ணியிருக்கீங்க, வாரன்டி செல்லாது. இது ரேஸ் வீல் சார், இதை யாராவது தினமும் ஓட்டுவாங்களா?” கூடவே அடுத்த செட் வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடியாம்.

அண்ணன் போய் சார் ஆகிவிட்டேன். வேற கட்டை வேண்டாம் என்று எழுதி அனுப்பியதும் அதே நம்பர், வேற கட்டை என்று வாரன்டியை மறுப்பதும் அதே நம்பர். இரண்டு செய்தியையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் காட்டுகிறது, பதில் இல்லை.

யாராவது தினமும் ஓட்டுவார்களா என்று 74,000 ரூபாயை வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். அது உண்மையும்கூட. ரேஸ் ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் பயிற்சிக்கு அலுமினிய ரிம், அதிகக் கம்பி உள்ள சக்கரத்தை மாட்டிக்கொண்டு, போட்டி அன்றைக்குத்தான் கார்பனை எடுப்பார்கள். உயரமான ரிம் காற்றைக் கிழிப்பதன் பலன் வேகம் கூடக் கூடத்தான் தெரியும். 40 கி.மீ. வேகத்தில் போகிறவனுக்கு அதில் நேரம் மிச்சம். என்னைப்போல் 25-இல் போகிறவனுக்கு அதில் கிடைப்பது சொற்பம். 20 கம்பிச் சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தாலே ரிம் கோணிப் பிரேக்கில் உரசும், 32 கம்பி என்றால் பெரும்பாலும் வீடு வந்து சேரலாம். என் தேவையைக் கேட்டுவிட்டு, 32 கம்பி அலுமினியச் சக்கரம் வாங்குங்கள் என்று சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் அந்தக் கடைக்கு வாடிக்கையாளனாக இருந்திருப்பேன்.

விவரமாக எச்சரிக்கை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது கை ஓடவில்லை. இவ்வளவுதான்: கையேட்டின் படத்தை வாங்கி, வாரன்டிப் பகுதியைப் படித்த பிறகே பணம் போடுங்கள். மாடலும் சீரியல் எண்ணும் பில்லில் இல்லாமல் வாங்காதீர்கள். கார்பன் ரிம் என்றால் கட்டையும் புதிது, யார் என்ன சொன்னாலும். போனில் சொன்னதை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பழைய சக்கரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. பில், வாட்ஸ்ஆப் செய்தி, கூரியர் ரசீது எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை சிவகங்கை போகிறேன். “இருக்கிற கட்டையே போதும்” என்று சொல்லி யாருக்காவது இதே மாதிரி சக்கரம் விற்றிருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அதுவரை அந்தச் சக்கரத்தில் ஏறாதீர்கள், கட்டையைக் கழற்றிப் பாருங்கள்.