காபி கிரைண்டர் வாங்குவதற்கு முன் பல்லைக் கழற்றிப் பாருங்கள்

வீட்டிலேயே காபிக்கொட்டை அரைக்க எலக்ட்ரிக் கிரைண்டர் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு 8,490 ரூபாய் போய், மூன்று மாதம் அலைந்த பிறகுதான் திரும்பி வந்தது. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வர வேண்டாம்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடிகாலை ஐந்து மணிக்கு முதல் டிகாக்ஷன் இறங்கியிருக்க வேண்டும் அவருக்கு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மேஜை விளிம்பில் திருகி மாட்டும் கைமிஷின் ஒன்று வீட்டில் இருந்தது. கொட்டையைப் போட்டுச் சுற்றுவது என் வேலை. அப்புறம் கடையில் அரைத்து வாங்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்தத் தூள் வாங்கிய அன்று தெருவே மணக்கும், நாலாம் நாள் டப்பாவைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. பாக்கெட் தூள் என்றால் சிக்கரி வேறு. 100 கிராம் தூளில் 51 கிராம் காபி இருந்தால் போதும், மீதி சிக்கரியாக இருக்கலாம் என்பதுதான் நம் நாட்டு உணவுச் சட்டம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் விகிதம் போட்டிருப்பார்கள், பாருங்கள். பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்று நல்ல ரகக் காபியைக் கொட்டையாக வாங்கி, தினமும் அன்றன்றைக்கு அரைத்து அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பொங்கல் போனஸ் வந்ததும் தேட ஆரம்பித்தேன்.

தேடினால் எல்லோரும் சொல்வது ‘பர்’ கிரைண்டர் வாங்குங்கள் என்பதுதான். அது சரியான அறிவுரை. மிக்ஸியில் பிளேடு சுற்றும்போது கொட்டை எங்கே அடிபடுகிறதோ அங்கே உடைகிறது. மாவும் வரும், குருணையும் வரும். பர் என்பது கொட்டையை நடுவில் வைத்து அரைக்கும் ஒரு ஜோடி பல் சக்கரங்கள். கோனிகல் வகையில் நடுவில் கூம்பு, அதைச் சுற்றி வளையம், இரண்டிலும் சரிவாக வெட்டிய பற்கள். மேலே இருக்கும் பெரிய பற்கள் கொட்டையை உடைக்கும், கீழே போகப் போக சிறிய கூர்ப்பற்கள் அதைச் சீவும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைவிடப் பெரிய துண்டு கீழே இறங்கவே முடியாது. இந்த இடைவெளிக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். மோட்டார், டைமர், பளபளப்பான பாடி எல்லாம் அதற்கு அப்புறம்.

சென்னையில் காபி சாமான்கள் மட்டுமே விற்கும் ஒரு கடை. ஆன்லைனிலும் அனுப்புகிறார்கள். ‘கோனிகல் பர், 18 செட்டிங், எஸ்பிரஸோ முதல் பிரெஞ்சு பிரஸ் வரை’ என்று போட்டிருந்தது, அதாவது நைசான தூள் முதல் கரகரப்பான தூள் வரை. ஏழு படங்கள்: திருகு, கொட்டை போடும் மூடி, தூள் விழும் டப்பா, மேஜை மேல் வைத்த அழகு. பல்லின் படம் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு இது என் கண்ணில் படவில்லை. போன் செய்து, “நம்ம பில்டருக்குச் சரியா வருமா?” என்று கேட்டேன். “பர்ஃபெக்டா வரும் மேடம், நிறைய பேர் வாங்கியிருக்காங்க” என்றார் கடைப் பையன். வாங்கிவிட்டேன்.

முதல் நாள் இரவு நாலாம் நம்பரில் அரைத்து, பித்தளை பில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டுப் படுத்தேன். ஐந்து மணிக்குப் பார்த்தால் மேல் பாத்திரத்தில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. கீழே இரண்டு ஸ்பூன் டிகாக்ஷன். மாவு போன்ற தூள் ஓட்டைகளை அடைத்துவிட்டது. மறுநாள் பத்தாம் நம்பரில் வைத்தேன். பத்தே நிமிடத்தில் தண்ணீர் ஓடி, டீ நிறத்தில் வந்தது. அடுத்த நாள் அதே பத்தாம் நம்பரில் மறுபடி அடைத்துக்கொண்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அவர் எதுவும் சொல்லாததுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

30 கிராம் அரைத்து டீ வடிகட்டியில் சலித்து, சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தேன். 9 கிராம் மேலேயே நின்றது. நிறைய துண்டுகள் கடுகு அளவு, சிலது கால் கொட்டை அளவு. கீழே விழுந்ததை வெள்ளைத் தாளில் பரப்பினால் பாதிக்கு மேல் முகப்பவுடர் மாதிரி விரலில் ஒட்டுகிறது. ஒரே அரவையில் இரண்டும் இருந்தால் காபி கசக்கவும் செய்யும், தண்ணியாகவும் இருக்கும். மாவு தன் கசப்பு முழுவதையும் கொடுத்துவிடும், குருணை எதையும் கொடுக்காது.

கடைக்குப் போன் செய்தேன். “புது பர் மேடம். ஒரு ரெண்டு கிலோ அரைச்சீங்கன்னா செட் ஆகிடும்.” இதில் பாதி உண்மை. புதுப் பற்கள் கொஞ்சம் அரைத்த பிறகு சீராகும் என்பது காபிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அதனால் நம்பினேன். மிஷினை ஒரு நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. மலிவான ரோபஸ்டா 2 கிலோ வாங்கி, ஆபீஸ் விட்டு வந்து தினமும் இரவு உட்கார்ந்து அரைத்து அரைத்துக் கொட்டினேன். முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி கூப்பிட்டால், “டெலிவரி ஆகி எட்டு நாள் ஆச்சு மேடம், ரிட்டர்ன் ஏழு நாள்தான். சர்வீஸ்ல போடுங்க” என்கிறார் அதே பையன்.

இந்த இடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ‘செட் ஆகட்டும்’, ‘இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்க’ என்று சொன்னால், அந்த நிமிடமே ரிட்டர்ன் கேட்டு மெயில் அனுப்பிவிடுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

என் செலவில் 380 ரூபாய் கூரியர். 24 நாள் கழித்துத் திரும்பி வந்தது, ‘டெஸ்டட் ஓகே’ என்று ஒரு சீட்டோடு. நான் அனுப்பும்போது தூள் விழும் வாயில் ஓரமாக ஒட்டிக் காய்ந்திருந்த தூள் அதே இடத்தில், அதே மாதிரி இருந்தது. யாரும் அதைத் தொடவே இல்லை.

அன்று அப்பா தன் பழைய ஸ்க்ரூ டிரைவர் பெட்டியை எடுத்து வந்தார். நல்ல பர் கிரைண்டரில் மேல் பல்லைக் கையாலேயே திருகி வெளியே எடுக்கலாம். சுத்தம் செய்ய அப்படித்தான் வைத்திருப்பார்கள். இதில் மூன்று ஸ்க்ரூ, ஒன்றின் மேல் ‘பிரித்தால் வாரண்டி இல்லை’ என்ற ஸ்டிக்கர். முதலில் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துவிட்டு, பிரிப்பதை வீடியோவும் எடுத்தேன். உள்ளே கூம்பும் இல்லை, வளையமும் இல்லை. தட்டையான இரண்டு வட்டுகள், அவற்றில் மொட்டையான குமிழ் குமிழாக முட்டுகள். ஒரு வட்டு சுற்றும், கொட்டை நடுவில் மாட்டி நொறுங்கும், அவ்வளவுதான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலை முட்டுகள் மேல் ஒரு சுற்று ஓட்டினார். “இது வெட்டின பல் இல்லம்மா, வார்த்த பல். எங்கயும் முனையே இல்ல பாரு. இது எப்படி அரைக்கும்? இடிக்கத்தான் செய்யும்” என்றார்.

உறுதி செய்துகொள்ள, அதே கொட்டையில் 30 கிராமை மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு அடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்தேன். எது மிக்ஸி, எது 8,490 ரூபாய் என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கடைக்காரர்கள் இப்போது வேறு பாட்டு: பிரித்ததால் வாரண்டி போச்சு, சிக்கரி போட்டு அரைத்திருப்பீர்கள், பர் தேய்மானப் பொருள் என்பதால் அதற்கு வாரண்டியே கிடையாது. (சிக்கரி நான் போடவில்லை. அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். தூளாக வாங்கி அரைத்த பிறகு கலப்பதுதான் சரி.) நான் வாரண்டி கேட்பதை அன்றோடு விட்டுவிட்டேன். பொருள் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால்தானே வாரண்டி, ஸ்டிக்கர் என்ற பேச்சு. கோனிகல் பர் என்று விளம்பரம் செய்து, கோனிகல் பர் இல்லாத ஒன்றை அனுப்பியிருக்கிறீர்கள் என்று எழுதினேன்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்க முடியாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர்கள் விளம்பரப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், பிரித்த வட்டின் படம், பில், ‘டெஸ்டட் ஓகே’ சீட்டு எல்லாம் வைத்து மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன், தமிழிலேயே பேசலாம். அப்போதும் ‘ஸ்டோர் கிரெடிட் தருகிறோம்’, அதாவது பணத்துக்குப் பதில் அவர்கள் கடையிலேயே வேறு பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்று இழுத்தார்கள். கடைசியில் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதி, தாக்கல் செய்வதற்கு முன் அதன் நகலை அவர்களுக்கு அனுப்பினேன். கடை சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. மூன்றாம் நாள் போன் வந்தது. 8,490 ரூபாய் வந்து சேர்ந்தது. கூரியர் காசும் 2 கிலோ கொட்டைக் காசும் வரவில்லை.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற இந்த மிஷினில் நான் முதலில் பார்த்திருக்க வேண்டியது பல்லைத்தான். நேரில் வாங்கினால் மூடியைத் திறந்து, மேல் பல்லை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுக்க வராது என்றால் வேண்டாம். ஆன்லைன் என்றால் பல்லின் படம் கேளுங்கள். விட்டம் எத்தனை மில்லிமீட்டர், தனியாக மாற்றுப் பல் விற்கிறீர்களா, என்ன விலை என்று கேளுங்கள். ஒழுங்கான கம்பெனிகள் இதை ஒளிக்காது. பராட்ஸா என்கோர் என்ற மாடலை எடுத்துக்கொண்டால், 40 மில்லிமீட்டர் கோனிகல் பர், 40 செட்டிங் என்று வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள், உதிரிபாகமும் தனித்தனியாகக் கிடைக்கும். விலை அதிகம்தான். என் பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயரோ முகவரியோ இல்லை. அதையும் இருக்கிறதா என்று பாருங்கள், கட்டாயம் இருக்க வேண்டிய விவரம் அது. அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறார்கள் என்றால் 120 வோல்ட்டா என்று பார்த்துவிடுங்கள், நம் வீட்டு 230-ல் செருகினால் மோட்டார் போய்விடும்.

நம் பில்டருக்கு வேண்டியது எஸ்பிரஸோ தூளைவிடக் கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். ஐந்து, ஆறாயிரம்தான் முடியும் என்றால் எலக்ட்ரிக்கை விட்டுவிட்டு நல்ல கைமிஷினாக வாங்குங்கள் என்பேன். மோட்டாருக்குப் போகிற காசு பல்லுக்குப் போகும். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். வந்த அன்றே அப்பா பல்லைக் கழற்றி விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார்.

போன வாரம் அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே மிஷின், அதே ஏழு படம், மேலே வேறு பெயர். விலை 6,990 என்று குறைத்திருக்கிறார்கள். ‘கோனிகல் பர்’ என்ற வார்த்தை மட்டும் அப்படியே இருக்கிறது.