பஞ்சர் கடையில 2,450 ரூபா போச்சு, பஞ்சர் ஒட்டுற கிட்டு டிக்கிலயே தூங்குது

செம கடுப்புல எழுதுறேன், தப்பு தவறு இருந்தா கண்டுக்காதீங்க. ஹைவேஸ்ல கார் ஓட்டுற எல்லாரும் படிங்க, கடைசில அஞ்சு விஷயம் சொல்றேன்.

சனிக்கிழமை காலைல சென்னைலேருந்து திருச்சி, மாமனார் வீட்டுக்கு கிளம்புனோம். திண்டிவனம் தாண்டி கொஞ்ச தூரத்துல வண்டி இடது பக்கமா இழுக்குது. ஓரங்கட்டி பாத்தா முன்னாடி டயர்ல ஆணி, தலை மட்டும் வெளிய தெரியுது. ட்யூப்லெஸ் தானே, பாதி காத்து அப்படியே நிக்குது. வீட்டுக்காரம்மா அப்பவே கேட்டா, "ஏங்க, என் தம்பி தீபாவளிக்கு வாங்கி குடுத்த பஞ்சர் கிட்டு டிக்கில இருக்குல்ல?" நான் பெரிய இவன் மாதிரி, "இந்த வெயில்ல ரோட்டோரம் உக்காந்து யாரு குத்திட்டு இருப்பா, அந்தா கடையே தெரியுது பாரு"ன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு தான் 2,450 ரூபா.

கடைக்காரன் பேச்சு இருக்கே, தேன். போன உடனே ஸ்டூல் எடுத்து போட்டான், பொண்ணுக்கு ஜில்லுனு தண்ணி குடுத்தான். "அண்ணே, வெளியேருந்து ஓட்டைல சொருகுற ரப்பர் திரி போட்டா 150, உள்ள மஷ்ரூம் பேட்ச் போட்டா 350. கொழந்தய வச்சுக்கிட்டு நூறுல போவீங்க, திரிய நம்பாதீங்கண்ணே." கொழந்தன்னு சொன்னதும் விழுந்துட்டேன். அவன் சொன்னதும் முழுப் பொய் இல்ல, ரிம்ல இருந்து டயர கழட்டி உள்ளேருந்து ஒட்டுற பேட்ச் தான் நிஜமாவே நல்லது, அதான் நம்புனேன். "மெஷின் பின்னாடி இருக்குண்ணே, டீ சாப்டுங்க"ன்னு வீல உருட்டிட்டு போயிட்டான். நானும் டீ சாப்ட போனேன், முட்டாள்.

பத்து நிமிஷம் கழிச்சு கூப்புடுறான். சோப்பு தண்ணி அடிச்சு காட்டுறான், ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழு எடத்துல நுரை பொங்குது. "ஆணி கொட்டி கெடந்த எடத்துல ஏத்திட்டீங்க போலண்ணே." ஏழு முந்நூத்தம்பது 2,450. போன்ல ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டு தேங்க்ஸ் வேற சொல்லிட்டு வந்தேன்.

மறுநாள் காலைல பாத்தா டயர் தரையோட தரையா ஒக்காந்திருக்கு. ஸ்டெப்னி மாட்டிட்டு தெரு முனைல ஒரு பெரியவர் கடைக்கு எடுத்துட்டு போனேன். ரிம்ல இருந்து கழட்டி உள்ள கைய விட்டு தடவுனாரு, ஒரு பேட்ச் கூட இல்ல. ஏழு எடத்துலயும் வெறும் திரி, எலி வால் மாதிரி உள்ள தொங்குது. "தம்பி, ஆணி ஏறுன ஓட்டை கோணல் மாணலா இருக்கும். இது ஒண்ணு தான் ஆணி. மத்த ஆறும் ஒரே அளவு, நேரா எறங்கியிருக்கு பாருங்க, கோணூசியால குத்துனது." அதுல ரெண்டு சைடு ஓரமா வேற இருக்கு, அங்க எந்த ஒட்டும் நிக்காதாம். எட்டு மாச டயர், போச்சு. புதுசு 5,600, அத நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

அந்த ஹைவே கடைக்காரனுக்கு போன் போட்டேன். மொத தடவ, "எந்த வண்டிண்ணே, தெனம் எத்தனையோ வண்டி வருது." ரெண்டாவது தடவ, "மறுபடி ஆணி ஏறியிருக்கும், கொண்டாங்க பாத்துக்கலாம்." 200 கிலோமீட்டர் திரும்பி போகணுமாம் அவன் பாக்குறதுக்கு! மூணாவது தடவ ஒரு பொம்பள எடுத்து, "அவரு சாப்புட போயிருக்காரு"ன்னாங்க, அதோட நம்பர் பிளாக். பேமெண்ட் ஆப்ல கேட்டா நீங்களே பின் போட்டு அனுப்புன பணம் சார்ங்குறாங்க. 2,450 ரூபா, சொளையா.

பெரியவர் தான் டிக்கில இருந்த பஞ்சர் கிட்டை பிரிக்க சொல்லி, "செத்த டயர் தானே, இதுலயே பழகிக்கோங்க"ன்னாரு. ராவுற கம்பிய ஓட்டைக்குள்ள விட்டு நாலு தடவ முறுக்கணும், அதுக்கு தான் தோள்பட்டை வலிக்குது. அப்புறம் ஊசில திரிய கோத்து பசை தடவி முக்கால்வாசி உள்ள அழுத்தி, சடக்குனு ஊசிய மட்டும் வெளிய இழுக்கணும், நீட்டிட்டு இருக்குறத வெட்டணும். எனக்கே கால் மணி நேரத்துல வந்துருச்சு. நானூறு ரூபா கிட்டு. அவரு ஒரு பைசா வாங்கல.

சரி, சொன்ன விஷயம். டயர கண்ணுக்கு மறைவா கொண்டுபோக விடாதீங்க, வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உங்க கண்ணு முன்னாடி சோப்பு தண்ணி அடிச்சு, எத்தனை ஓட்டைன்னு எண்ணி போட்டோ எடுத்துக்கோங்க. ஆணிய அவசரப்பட்டு புடுங்காதீங்க, கார்ல மாட்டுற சின்ன பம்புல காத்து ஏத்திட்டு மெதுவா ஊருக்குள்ள போயிடலாம். சைடுல குத்தியிருந்தா கிட்டு வேலைக்கு ஆகாது, ஸ்டெப்னி தான். நேஷனல் ஹைவேல மாட்டிக்கிட்டா ஹைவே ஹெல்ப்லைன் 1033க்கு அடிங்க.

அஞ்சுன்னு சொன்னேன்ல, மீதிய அப்புறம் எழுதுறேன், டயர் கடையில கூப்புடுறாங்க.