இ-வே பில்லோடு இத்தனை வருடம்: இன்னும் உறுத்தும் ஒரு கட்டம்

வேலந்தாவளத்தில் புதிதாகத் தென்னை நார் வியாபாரம் தொடங்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, இந்த இ-வே பில்லை நாமளே போட்டுக்கலாங்களா, இல்ல ஆடிட்டர் ஆபீஸ்ல கொடுத்தரலாங்களா?" சரக்கு வண்டி கிளம்பும் முன் ஜிஎஸ்டிக்காக அரசுத் தளத்தில் விவரம் பதிந்து எடுக்கும் சீட்டுதான் இ-வே பில். கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு நார் மில்லில் நான் கணக்கு எழுதுகிறேன். 2018-லிருந்து அந்தத் தளத்தைத் திறக்காத வேலைநாள் கிடையாது. போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூலை 1-க்கு முன்னால் லோடு எல்லை தாண்டுவது என்றால் டிரைவர் கையில் ஒரு கட்டுக் காகிதம், சாவடியில் வரிசை, சீல். ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காத்திருப்பு போனது. இப்போது 12 இலக்க இ-வே பில் எண் ஒன்று இருந்தால் வண்டி பொள்ளாச்சி ரோட்டில் நேராகப் போகிறது. வழியில் லாரி படுத்துவிட்டால் சரக்கை வேறு லாரிக்கு மாற்றி, பில்லில் வண்டி விவரம் எழுதும் பார்ட் பி பகுதியில் புது வண்டி எண்ணைப் போட்டால் போதும், அதே பில் தொடரும். இதை யோசித்து வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

தொடக்கம் சரியில்லைதான். 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுக்க ஒரே நாளில் ஆரம்பித்தார்கள். அன்றைக்கே தளம் முடங்கியது, திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அப்புறம் ஏப்ரல் 1-ல் மாநிலம் தாண்டும் சரக்குக்கு, ஏப்ரல் 15-ல் கேரளம், ஆந்திரம் உட்பட ஐந்து மாநிலங்களுக்குள், ஜூன் 2-ல் தமிழ்நாட்டுக்குள் என்று படிப்படியாக வந்தது. முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். எல்லையில் இருக்கும் எங்களுக்கு இன்றும் இரண்டு கணக்கு. தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்கு 1 லட்சத்தைத் தாண்டினால்தான் பில். நாங்கள் பக்கத்திலிருக்கும் பொள்ளாச்சிக்கு அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டுவதால் 50,000 தாண்டினால் பில் வேண்டும்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது வண்டி எண் எழுதும் கட்டம்.

தூத்துக்குடிக்கு ஒரு லோடு நார், இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்கு. வண்டி எண்ணில் 67 என்பதை 76 என்று அடித்துவிட்டேன். என் தவறுதான். தளம் வண்டி எண்ணை வாகன் என்ற அரசின் வண்டிப் பதிவேட்டில் சரிபார்க்கும். ஆனால் நான் மாற்றி அடித்த எண்ணிலும் யாருடைய வண்டியோ ஓடுகிறதே! பதிவேட்டில் அது இருந்ததால் பில் விழுந்துவிட்டது. பழனி தாண்டி ராத்திரி வண்டியை நிறுத்தினார்கள். "அண்ணா, பில்லுல நம்பர் மாறிக் கெடக்குதுங்க" என்று டிரைவர் கூப்பிட்டபோது மணி பதினொன்று. பிடிபடும் முன் கவனித்திருந்தால் பார்ட் பி-யில் மாற்றியிருக்கலாம். நார் 5 சதவீத வரி, அதாவது 10,000. அபராதம் அதில் 200 சதவீதம், 20,000 கட்டு என்றார்கள்.

வண்டி எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் மாறினால் அவ்வளவு கேட்கக் கூடாது. மத்திய மறைமுக வரி வாரியம் விட்ட, 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட 64/38/2018 சுற்றறிக்கையில் தெளிவாக இருக்கிறது: மாநிலம் தாண்டும் சரக்குக்கு 1,000 ரூபாய்தான். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, விடியும்வரை பேசி, 1,000 கட்டி வண்டியை எடுத்தோம். அந்த டிரைவர் ராத்திரி முழுக்கச் சாப்பிடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

என்ன கேட்கிறேன்? எண்ணை அடித்ததும் பக்கத்தில் ஒரே ஒரு வரி: லாரியா, காரா, எந்த நிறுவனத் தயாரிப்பு. பதிவேட்டில் இருக்கிற விவரம்தானே. காட்டியிருந்தால் அந்த நிமிடமே கண்ணில் பட்டிருக்கும்.

மற்றபடி சின்ன விஷயங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம். முதலாளி போனுக்கு வரும் ஓடிபிக்காகக் காத்திருக்காமல், கணக்கு எழுதுபவர் பெயரில் துணைப் பயனர் கணக்கு திறந்துவிடுங்கள், அவர் எண்ணுக்கே வரும். 2021 ஜனவரி 1 முதல் பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு, முன்பு 100 தான். பில் போட்ட தேதிக்கு அடுத்த நாள் நள்ளிரவில்தான் முதல் நாள் முடியும். அதனால் இரவு 11:58-க்குப் போட்ட பில்லைவிட 12:03-க்குப் போட்டது ஒரு நாள் கூடுதலாக நிற்கும். லோடு ஏற்ற லேட்டானால் நான் பன்னிரண்டு தாண்டத்தான் காத்திருப்பேன்.

பத்துக்கு மார்க் போடச் சொன்னால் எட்டு போட வேண்டும். அந்த ராத்திரியை நினைத்தால் நாலுக்கு மேல் கை போகவில்லை. நாலுதான்.

நண்பருக்குப் பதில்: நீங்களே போடுங்கள், வெளியே கொடுக்காதீர்கள். லோடு ஏற்றியதும் டிரைவரை நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவைப் பார்த்து அடியுங்கள். அடித்ததை அவருக்கே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் அந்தச் சுற்றறிக்கையில் ஒரு பிரதி எடுத்து வண்டியிலேயே வையுங்கள். எங்கள் டிரைவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது.