இப்போதே மேம்படுத்துவதா, காசு கொடுத்துப் பழையதிலேயே இருப்பதா?

டர்பனில் எங்கள் கோயில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், அமேசானின் கேப் டவுன் மையத்தில் ஆர்டிஎஸ் என்ற தரவுத்தளச் சேவையில், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 12-ஆம் பதிப்பில் ஓடியது. போஸ்ட்கிரெஸை உருவாக்கும் சமூகம் ஒரு பெரிய பதிப்பைச் சுமார் 5 ஆண்டுதான் பராமரிக்கும். 12-க்கான காலம் 2024 நவம்பரில் முடிந்தது. ஆர்டிஎஸ் 2025 பிப்ரவரி வரை வழக்கமான ஆதரவு தந்தது.

அதன் பிறகும் பழைய பதிப்பிலேயே இருந்தால், நீட்டித்த ஆதரவு. முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் 3 ஆண்டு வரை வரும், ஆனால் சிபியு எண்ணிக்கைப்படி மணிக்கணக்கில் கட்டணம். மூன்றாம் ஆண்டில் இன்னும் ஏறும். விலை டாலரில், எங்கள் உண்டியலோ தென்னாப்பிரிக்க ராண்டில்! வேண்டாம் என்று முன்பே குறிக்காவிட்டால், பழைய பதிப்பில் புதிதாக உருவாக்கும் தரவுத்தளமும் தானாகவே இதில் சேர்ந்துவிடும். பலர் இதைப் பில் வந்த பிறகே கவனிக்கிறார்கள்.

மேம்படுத்துவதில் காசு மிச்சம், வேலை அதிகம். ஸ்னாப்ஷாட்டிலிருந்து (ஒரு நேரத்தில் தரவுத்தளம் இருந்தபடி சேமித்த பிரதி) ஒரு நகல் எடுத்து, எக்ஸ்டென்ஷன்களும் (தரவுத்தளத்தில் சேர்த்த கூடுதல் வசதிகள்) செயலியும் புதிய பதிப்பில் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். மேம்படுத்தியபின் அதே தரவுத்தளத்தைக் கீழிறக்க முடியாது. பழைய ஸ்னாப்ஷாட்தான் கதி. சிறிது நேரம் சேவையும் நிற்கும், அதனால் தைப்பூசக் காவடிப் பதிவு வாரத்தில் தொடவே கூடாது.

எழுதியவர் போய்விட்ட, யாருக்கும் புரியாத செயலி என்றால் சில மாதம் கட்டணம் கட்டலாம், சரி. எங்களுடையது சின்னது. அடுத்த பதிப்பில் நிற்காமல் நேராக 16-க்குப் போனோம்.