பைபாஸ் பாலத்துப் பசுமை வேலை: நாற்று கொடுத்தவளின் மதிப்பீடு

எங்கள் ஊர் எல்லையில், பைபாஸும் பழைய சாலையும் சேரும் இடத்தில் பெரிய மேம்பாலச் சந்திப்பு ஒன்று இருக்கிறது. நாலு பக்கமும் வளைந்து ஏறி இறங்கும் சாலைகள். அந்த வளைவுகளுக்கு நடுவே ஆறு மண் திட்டுகள், எல்லாம் சேர்த்தால் ஐந்து ஏக்கருக்குக் குறையாது. அங்கே நடந்த பசுமை வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஓட்டலுக்கும் மிக்ஸிக்கும் மதிப்பீடு எழுதுகிறோம். நம் வரிப்பணத்தில் நமக்காக நடந்த வேலைக்கும் எழுத வேண்டும் இல்லையா? அதோடு, அங்கே வைத்த செடிகளில் பெரும்பகுதி என் நர்சரியிலிருந்து போனவை. என் கையால் கவர் மாற்றி வளர்த்த கன்றுகள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், செடிகளைத் தேர்ந்தெடுத்ததற்கு நாலு கொடுப்பேன். நட்ட விதத்துக்கு இரண்டு. நட்ட பிறகு பார்த்துக்கொண்டதற்கு ஒன்று கொடுக்கவும் மனம் வரவில்லை.

2022 ஏப்ரலில் ஒப்பந்ததாரர் ஒருவர் நர்சரிக்கு வந்தார். கையில் வரைபடம் வைத்திருந்தார். மொத்தம் 1,800 செடி. புங்கன் 300, சரக்கொன்றை 150, மகிழம் 100. மீதி அரளி, இட்லிப்பூ, காகிதப்பூ. அக்டோபர் முதல் வாரத்தில் நட ஆரம்பிப்போம், அதற்குள் மரக்கன்றுகள் ஆறடி உயரம் இருக்க வேண்டும் என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் பக்கத்தில் மரம் வைக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். புரட்டாசிக் கடைசியில் வைத்த கன்று ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்தே வேரை இறக்கிவிடும். தை பிறக்கும்போது அது மண்ணைப் பிடித்திருக்கும். அடுத்து வரும் முதல் கோடைதான் அதற்குப் பரீட்சை, அதில் லாரித் தண்ணீரை வைத்துக் காப்பாற்றிவிடலாம்.

வரைபடத்தைப் போட்டவருக்கு விவரம் தெரிந்திருந்தது. சாலைகள் ஒன்றோடு ஒன்று கலக்கும் முனையில் முழங்கால் உயரத்துக்கு மேல் எதையும் வைக்கவில்லை, இட்லிப்பூ மட்டும்தான். பின்னால் வரும் லாரி கண்ணில் படாமல் போனால் உயிர் போகும் என்பதால் அந்த இடத்தில் உயரச் செடி கூடாது. மரங்களெல்லாம் திட்டின் நடுவில். ஓரத்தில் அரளி. அரளியை நெடுஞ்சாலை நடுவில் எங்கு பார்த்தாலும் வைத்திருக்கிறார்களே, காரணம் பூவின் அழகு மட்டும் இல்லை. அதன் பாலில் விஷம் உண்டு, ஆடு மாடு வாய் வைக்காது. வேலி போடவும் காவல் போடவும் முடியாத இடத்துக்கு அதுதான் சரி. அப்புறம், கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் ஒன்றுகூட இல்லை. அந்த நேரத்தில் எல்லோரும் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள், ஆறு மாதத்தில் பச்சைச் சுவர் மாதிரி நிற்கும் என்பதற்காக. பிறகு குஜராத் 2023-ல் அதைத் தடை செய்தது. தமிழ்நாட்டிலும் தடை வந்துவிட்டது. அந்த வரைபடக்காரர் அதற்கு முன்பே புங்கனையும் கொன்றையையும் எழுதியிருந்தார். அதற்காகத்தான் அந்த நாலு.

அக்டோபர் வந்தது, வண்டி வரவில்லை. போன் செய்தேன். இடம் இன்னும் கைக்கு வரவில்லை என்றார் ஒப்பந்ததாரர். பாலம் கட்டியவர்கள் சின்னச் சின்ன வேலை பாக்கி என்று திட்டை விடவில்லை. இடத்தை எழுதி ஒப்படைத்தால்தான் ஆளை உள்ளே அனுப்ப முடியும் என்று பசுமை வேலையைக் கொடுத்த அலுவலகம் சொன்னது. ஒப்படைக்க வேண்டிய அலுவலகமோ, முதலில் எல்லைக் கல் நடட்டும் என்றது. பாலத்தில் பாதி நகராட்சி எல்லைக்குள், மீதி பஞ்சாயத்தில். எந்தத் திட்டு யார் எல்லை என்று அளக்கவே நவம்பர் முழுக்கப் போய்விட்டது. அந்த வருடம் நல்ல மழை. திட்டுகளில் தண்ணீர் தேங்கி நின்றதைத் தினமும் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். என் கன்றுகளோ நர்சரியில், கவருக்குள் நின்றுகொண்டிருந்தன.

கவரில் கன்று அதிக நாள் நின்றால் என்ன ஆகும் என்று நர்சரிக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. வேர் கீழே போக இடம் இல்லாமல் கவரின் சுவரைச் சுற்றிச் சுற்றி வளரும். வெளியே பார்த்தால் கன்று செழிப்பாகவே தெரியும். அந்தச் சுருளோடு மண்ணில் வைத்தால், அது மண்ணுக்குள்ளும் சுருண்டே வளரும், ஆணிவேர் இறங்காது. மூன்று நாலு வருடம் கழித்து ஒரு பெரிய காற்றில் மரம் அடியோடு சாயும்போதுதான் தெரியவரும். நான் புங்கன் எல்லாவற்றுக்கும் பெரிய கவர் மாற்றினேன், ஆள் கூலி என் கையிலிருந்து போனது. அந்தப் பணத்தை நான் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை.

பிப்ரவரிக் கடைசியில் திடீரென்று போன். "நாளைக்கே லோடு ஏத்துங்கம்மா, மார்ச்சுக்குள்ள பில் போடணும்." மாசி மாதம், பகலில் வெயில் சுடத் தொடங்கிவிட்டது. இது மரம் வைக்கும் காலம் இல்லை, தண்ணீருக்கு ஏற்பாடு இல்லாமல் வைத்தால் செத்துவிடும் என்று சொன்னேன். டேங்கர் இருக்கிறது என்றார். நம்பி அனுப்பினேன்.

நடும் நாளில் நானும் போய் நின்றேன். ஆறடிக் கன்றுக்கு மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் குழி எடுக்க வேண்டும். எடுத்த மண்ணைத் தள்ளிவிட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்ப வேண்டும். பாலத்தடியில் இருப்பது மண் இல்லை. கான்கிரீட் உடைசல், சிமெண்ட் கழுவிய சேறு, ரோலர் ஓட்டி இறுக்கிய கிராவல். ஒன்றரை அடியில் கடப்பாரை "டங்" என்று நின்றது. ஜேசிபி கேட்டேன். வேலையின் செலவு மதிப்பீட்டில் அதற்குத் தொகை போடவில்லை என்றார்கள். அந்த ஒன்றரை அடிக்குள்ளேயே கன்றை இறக்கி, அதே மண்ணைத் தள்ளி மூடினார்கள். வேலை செய்த பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கையில் காப்புக் காய்த்துப்போகிற அளவுக்குத் தோண்டினார்கள்.

ஏப்ரல், மே இரண்டு மாதம் டேங்கர் வந்தது, வாரம் இரண்டு தடவை. ஜூனில் நின்றுவிட்டது. டேங்கர் ஓட்டும் தம்பி நர்சரிக்கே வந்து சொன்னான்: "அக்கா, எனக்கு ரெண்டு மாசமா வாடகை வரல. இனிமே போக முடியாது. போற வழியில வாடிக் கிடக்கறதப் பாத்தா மனசு கேக்கல, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அதற்குப் பிறகு நான் ஏறி இறங்கிய படிகள் நிறைய. செடி விற்றதோடு என் வேலை முடிந்தது, பணமும் பெரும்பகுதி வந்துவிட்டது. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. ஒப்பந்ததாரரைக் கேட்டால், நடுவது மட்டும்தான் என் ஒப்பந்தம், பராமரிப்பு தனி டெண்டர் என்றார். வேலை கொடுத்த அலுவலகத்தில், பராமரிப்பை உள்ளாட்சியிடம் ஒப்படைக்கக் கடிதம் போட்டாயிற்று என்றார்கள். உள்ளாட்சியில் கேட்டபோது, கடிதம் வந்திருக்கிறது, பணம் வரவில்லை, நிலமும் எங்கள் பெயரில் இல்லை, எப்படிச் செலவு எழுதுவது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. நிலம் தன் பெயரில் இல்லாத இடத்தில் காசு செலவழித்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்கள். திட்டில் ஒரு போர்வெல் போட்டு வைத்திருந்தார்கள், தண்ணீரும் நன்றாக வந்தது. மோட்டாருக்கு மின் இணைப்பை யார் பெயரில் வாங்குவது, மாதா மாதம் பில்லை யார் கட்டுவது என்று முடிவாகாததால் அந்தப் போரின் மூடியை யாரும் திறக்கவே இல்லை. கன்றுகள் காய்ந்தது அந்தப் போரிலிருந்து இருபது அடி தூரத்தில்.

விதி இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2015-ல் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை என்று ஒன்று கொண்டுவந்தது. நெடுஞ்சாலைத் திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம் வைக்கவும் அதைப் பராமரிக்கவும் ஒதுக்க வேண்டும், இஸ்ரோவின் புவன், ககன் என்ற செயற்கைக்கோள் வசதிகளைக் கொண்டு கண்காணிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல கொள்கை. வானத்திலிருந்து பார்ப்பவருக்குக் கன்று காய்வது தெரிந்தாலும், குழாயைத் திறக்கும் ஆள் யார் என்று கீழே எழுதி வைத்திருக்க வேண்டும். நான் பார்த்த எந்தக் காகிதத்திலும் அந்தப் பெயர் இல்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் போன டிசம்பரில் சென்னையில் கத்திப்பாராவைப் பார்க்கப் போனேன். தங்கை வீடு ஆதம்பாக்கம். ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, நூறடிச் சாலை, பூந்தமல்லிச் சாலை எல்லாம் வந்து சேரும் அந்த நாலு இதழ் மேம்பாலம் 2008 அக்டோபரில் முழுதாகத் திறந்தது. 2015-ல் பக்கத்திலேயே ஆலந்தூர் மெட்ரோ நிலையம் வந்தது. பாலத்துக்கு அடியில் இருந்த இடத்தைச் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் சுமார் 14.50 கோடி ரூபாயில் நகர்ப்புறச் சதுக்கமாக்கி, 2021 டிசம்பரில் திறந்தார்கள். பாலம் திறந்து 13 வருடம் கழித்து. பாலத்துக்கு ஒரு நிறுவனம், ரயிலுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று என்று இருக்கும் இடத்தில் அவ்வளவு காலம் ஆனது எனக்கு இப்போது புரிகிறது. புரிந்தாலும், ஒரு புங்கன் 13 வருடத்தில் தெருவுக்கே நிழல் கொடுக்கும் என்ற கணக்கும் கூடவே மனதில் ஓடுகிறது.

அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள், சறுக்குமரத்தில் குழந்தைகள், டீ, பஜ்ஜி, மேலே ரயில். எனக்குப் பிடித்தது என்னவென்றால், மனிதர்கள் கால் வைக்கும் இடமாக அது இருக்கிறது. ஆள் வந்துபோகும் இடத்தில் ஒரு செடி வாடினால் யாராவது கவனிப்பார்கள், கேட்பார்கள். கடை வைத்தவர் தன் கடை முன்னால் தண்ணீர் தெளிப்பார். எங்கள் ஊர்த் திட்டுகளுக்கு நடந்து போக வழியே இல்லை. எண்பதில் போகிற காரிலிருந்து பார்ப்பவருக்கு, அரளி பூத்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று தெரிவதற்குள் பாலம் முடிந்துவிடும்.

இந்த ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வண்டிகள் குறைவாக ஓடும் நேரத்தில், என் மகனையும் கூட்டிக்கொண்டு போய் எண்ணினேன். 550 மரக்கன்றில் உயிரோடு இருப்பது 71. கொன்றையில் பன்னிரண்டு, புங்கனில் ஐம்பது, மகிழத்தில் ஒன்பது. இட்லிப்பூ ஒன்றும் இல்லை. அரளி பாதிக்கு மேல் பிழைத்திருக்கிறது, வெட்டிவிட ஆள் இல்லாமல் சாலைப் பக்கம் சாய்ந்து வளர்கிறது. பிழைத்த மகிழம் ஒன்பதும் ஒரே இடத்தில், சர்வீஸ் ரோட்டு டீக்கடைக்கு எதிரே. கடைக்கார அண்ணன் கிளாஸ் கழுவிய தண்ணீரைக் குடத்தில் சேர்த்து வைத்து, காலையும் மாலையும் சாலையைக் கடந்து போய் ஊற்றியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு மேலாக. யாரும் அவரிடம் சொல்லவில்லை. "பூ வாசம் நல்லாருக்கும்னு சொன்னாங்க, அதான்" என்றார். இன்னும் பூக்கவில்லை. அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ பூக்கும்.

இதே மாதிரி வேலை வேறு ஊர்களிலும் நடக்கும், இதை அங்கே இருக்கும் பொறியாளர் யாராவது படிக்கலாம். அவர்களிடம் நான் கேட்பது இதுதான். இடத்தை ஆகஸ்டுக்குள் ஒப்படையுங்கள், முடியாவிட்டால் நடுவதை அடுத்த அக்டோபருக்குத் தள்ளுங்கள், மார்ச் பில்லுக்காக மாசியில் நடாதீர்கள். நடுவதையும் மூன்று வருடத் தண்ணீரையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வருடா வருடம் உயிரோடு நிற்கும் மரத்தை எண்ணிப் பணம் கொடுங்கள். பாலத்தடி மண்ணைத் தோண்ட ஜேசிபிக்கும், கொட்டச் செம்மண்ணுக்கும் செலவு மதிப்பீட்டிலேயே தொகை போடுங்கள். மோட்டார் இணைப்பு யார் பெயரில் என்பதை முதல் செடி வைப்பதற்கு முன் முடிவு செய்யுங்கள். பொறுப்பாளரின் போன் நம்பரோடு ஒரு பலகை வையுங்கள், டீக்கடைக்காரர் கூப்பிட்டால் எடுக்கிற நம்பராக.

எங்கள் ஊருக்கு வருகிறேன். செத்த இடங்களில் வைக்க அறுபது புங்கன் நானே இலவசமாகத் தருகிறேன், குழியும் என் ஆட்களை வைத்தே எடுத்துத் தருகிறேன் என்று போன ஜூனில் மூன்று அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். அனுமதி கொடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று இரண்டு இடத்திலிருந்து பதில் வந்தது. மூன்றாவது பதிலுக்காகக் காத்திருக்கிறேன். அந்த அறுபதும் நர்சரியின் கிழக்கு வரிசையில் தனியாக நிற்கின்றன, விற்பனைக்கு இல்லை என்று அட்டை எழுதிக் கட்டியிருக்கிறேன். இரண்டு தடவை கவர் மாற்றியாயிற்று. இந்த அக்டோபருக்குள் மண்ணுக்குப் போக வேண்டும்.