கத்தியோடு ‘பர்மிட் கார்டு’ம் விற்கிறார்கள்: டெல்லியில் இருப்பவர்கள் கவனிக்கவும்

உத்தராகண்ட், இமாசல் பக்கம் ட்ரெக்கிங் போகிறவர்கள் டெல்லியில் இறங்கி சாமான் வாங்குவது வழக்கம். அவர்களும், இங்கேயே குடியிருக்கும் நம்மவர்களும் இதைப் படித்துவிடுங்கள். சதர் பஜாரில் ஒரு கடையில் மடக்குக் கத்தியோடு பிளாஸ்டிக் அட்டை ஒன்றையும் நம் தலையில் கட்டுகிறார்கள். ‘கேரி பர்மிட்’டாம்.

மதுரையிலிருந்து வந்திருந்த அக்கா மகனோடு போயிருந்தேன். பட்டனை அழுத்தினால் சட்டென்று திறக்கும் கத்தியை எடுத்துக் காட்டினார் கடைக்காரர். லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்டேன். “பாய் சாப், ஒன்பது இஞ்ச்சுக்குள்ளே இருந்தா யாரும் கேட்க முடியாது” என்றார். அப்புறம் கார்டு எதற்கு? “சேஃப்டிக்கு.” கத்தி 1,200 ரூபாய், சேஃப்டி 500.

மறுநாள் மெட்ரோவில் ஸ்கேனரிலேயே மாட்டிக்கொண்டான். கார்டை நீட்டியிருக்கிறான், போலீஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாராம். நான் ஓடிப் போய், அவனுடைய ரயில் டிக்கெட், ட்ரெக்கிங் ரசீது எல்லாம் காட்டிய பிறகு, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு எழுதி வாங்கி அனுப்பினார்கள். நல்ல மனிதர் அமைந்தார். கேஸ் போட்டிருந்தால் படிக்கிற பையன் கோர்ட்டுக்கு அலைந்திருப்பான்.

ஒன்பது இஞ்ச் கதை முழுப் பொய் இல்லை, அதுதான் ஆபத்தே. 2016 ஆயுத விதிகளில் 9 இஞ்ச்சுக்கு மேல் நீளம் அல்லது 2 இஞ்ச்சுக்கு மேல் அகலம் உள்ள கத்திகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஊரிலிருந்து அரிவாள்மணை கொண்டு வரும் மாமிகள் பயப்பட வேண்டாம். ஆனால் டெல்லிக்கென்று 1980-இல் போட்ட தனி அறிவிக்கை ஒன்று இருக்கிறது. பட்டன், ஸ்பிரிங் மாதிரி ஏதாவது பொறியால் திறந்து மூடும் கத்தியில் பிளேடு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே அந்தக் கத்தி இந்த அறிவிக்கைக்குள் வந்துவிடும்; லைசென்ஸ் இல்லாமல் அதைத் தயாரிக்கவோ விற்கவோ, விற்பனைக்கோ சோதனைக்கோ வைத்திருக்கவோ கூடாது. அதாவது மூன்றே இஞ்ச்! எங்கள் கத்தி நான்கு இஞ்ச் இருந்தது. இதை மீறினால் ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை, கூடவே அபராதம். தினமும் இதையே விற்கிற கடைக்காரருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

இன்னொன்று, டெல்லியில் ஆயுத லைசென்ஸ் கொடுப்பது டெல்லி போலீஸின் லைசென்சிங் பிரிவு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் எடுத்து நீட்டுகிற கார்டு செல்லாது.

பணத்தைக் கேட்கப் போனால், “கத்தி எங்கே? பொருள் இல்லாம எப்படி ரிட்டர்ன்?” என்கிறார். கார்டின் பின்பக்கம் இருக்கும் ‘ஹெல்ப்லைன்’ எண்ணுக்கு அடித்தேன். அவர் சட்டைப்பையில் இருந்த போன்தான் அடித்தது. கொடுத்த பில்லும் கச்சா பில், கடைப் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ கிடையாது. கார்டின் இரு பக்கப் படத்தையும் யூபிஐ ரசீதையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அந்தக் கார்டு உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், புகாருக்கு அது வேண்டும்.